பழைய செவர்லே வி8 இன்ஜினை இணைய ஏலத்தில் எடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் அறுபதுகளின் கார்கள்மீது ஆசை வைத்தவர்கள் பலர் எனக்குப் பழக்கம். ஏல அறிவிப்பு ஒன்றின் படங்களை அனுப்பி, "அண்ணா, இன்னும் மூணு மணி நேரத்துல முடியுது, இன்ஜின் ஒரிஜினல்தானா பாருங்க" என்பார்கள். மூன்று மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற காரியமில்லை இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 1969 செவர்லே கமாரோவையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். நான் கைவைத்துப் பிரித்தவை அதிகமும் அந்த இன்ஜின்கள்தான்; பொய் அதிகம் புழங்குவதும் அங்கேதான்.

வண்டி நன்றாக ஓடுகிறது. இன்ஜின் அதனுடையதா வேறொன்றா என்பதில் என்ன இருக்கிறது?

ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் கொடுக்கப்போகும் விலையில்தான் எல்லாம் இருக்கிறது. 1969-இல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் கமாரோக்கள் செய்தார்கள். அவற்றில் 302 கன அங்குல இன்ஜின் போட்ட ஸெட்/28 வகை 20,302 மட்டும். முழு அலுமினிய 427 இன்ஜின் வைத்த ஸெட்எல்1 வெறும் 69. இந்த வண்டிகளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகரத்துக்கும் பெயின்ட்டுக்கும் அல்ல, உள்ளே இருக்கும் இன்ஜினுக்குத்தான்.

சங்கடம் எங்கே என்றால், அந்தக் காலக் கமாரோவின் வின் எண் (வண்டியின் அடையாள எண்) இதைச் சொல்வதில்லை. 124379என்612345 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 1 செவர்லே நிறுவனம். 24 என்றால் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இன்ஜின் வைத்த கமாரோ. 37 என்றால் கூரை மூடிய கூபே. 9 என்றால் 1969. 'என்' ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் என்றால் அங்கே 'எல்' இருக்கும். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். எந்த வி8 என்று ஓர் எழுத்துகூட இல்லை! இன்ஜின் வகையைச் சொல்லும் எழுத்து செவர்லே வின் எண்ணில் வந்தது 1972-இல்தான். ஆகவே சாதாரணக் கமாரோவில் ஸெட்/28 பட்டையும் சின்னமும் ஒட்டிவிட்டால் வின் எண் அதை மறுத்துப் பேசாது. பேச வேண்டியது இன்ஜின். அந்த இன்ஜினின் வாயில் வேறு வார்த்தையை வைப்பதுதான் இந்த மோசடி.

"நம்பர்ஸ் மேட்சிங்" என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான ஒரே பொருள் கிடையாது. ஒருவர் "தொழிற்சாலையில் இந்த வண்டியில் பூட்டிய அதே இன்ஜின்" என்ற பொருளில் சொல்வார். இன்னொருவர் "வார்ப்பு எண் அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறது" என்பதை அதே சொல்லால் சொல்வார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

"டேட் கோட் கரெக்ட்" என்றால் அது வேறு இன்ஜின் என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். தேதி மட்டும் பொருந்துகிறது. "பீரியட் கரெக்ட்" இன்னும் தளர்வான சொல், அந்தக் காலத்து இன்ஜின் ஏதோ ஒன்று என்பதோடு சரி. கார்வெட் (செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார்) வட்டாரத்தில் "நாம்" என்று சுருக்கமாக எழுதுவார்கள், ஒரிஜினல் அல்லாத மோட்டார் என்று அர்த்தம். அப்படி எழுதுபவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் பயப்படுவது "என்று நம்பப்படுகிறது", "முந்தைய உரிமையாளர் சொன்னபடி" என்ற வாசகங்களுக்குத்தான்.

நேராக ஒரே கேள்வி கேளுங்கள் (பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் பெரிய வார்ப்பு உடல்): "இந்த வண்டியின் வின் எண்ணிலிருந்து எடுத்த பகுதி இன்ஜின் பிளாக்கில் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்." இதற்கு நாலு வரி சுற்றி வளைத்துப் பதில் வந்தால் எனக்கு அதுவே பதில்.

எண்கள் எங்கே இருக்கும், எப்படிப் படிப்பது?

மூன்று இடம். குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒன்றை மனதில் வையுங்கள்: வார்ப்பு எண் புடைத்து நிற்கும், பொறிப்பு எண் குழிந்து இருக்கும். வார்ப்பு எண் அச்சிலேயே வந்தது. பொறிப்பு எண் பிறகு பஞ்ச் வைத்து அடித்தது.

வார்ப்பு எண் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்கம் இருக்கும். அமெரிக்க வண்டி என்பதால் ஓட்டுநர் பக்கம் இடது. அதே விளிம்பின் மறுபக்கத்தில், ஸ்மால் பிளாக் இன்ஜினில் (செவர்லேயின் சிறிய வி8 குடும்பம்; 302, 327, 350 அதில் சேரும்), வார்ப்புத் தேதி: மாதத்துக்கு 'ஏ' முதல் 'எல்' வரை ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். 'சி 14 9' என்றால் மார்ச் 14, ஏதோ ஓர் 9-இல் முடியும் ஆண்டு. அந்த 'ஏதோ ஓர்' என்பதில் நான் ஒருமுறை பணத்தை விட்டேன், கீழே சொல்கிறேன்.

பொறிப்பு எண் இன்ஜினின் முன்பக்கம், வலது ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) முன்னால் துருத்தி நிற்கும் சிறு தட்டையான மேடையில் இருக்கும். 'வி0402டிஇசட்' என்று இருந்தால், 'வி' ஃப்ளின்ட் இன்ஜின் ஆலை, 0402 என்பது ஏப்ரல் 2 அன்று பூட்டியது, 'டிஇசட்' 1969 ஸெட்/28-க்கான 302 இன்ஜின். 1968-க்கு அதே 302-இன் குறி 'எம்ஓ'. பிக் பிளாக் (396, 427 போன்ற பெரிய வி8 குடும்பம்) என்றால் பெரும்பாலும் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா ஆலை, 'டி' என்று தொடங்கும்.

இதோடு வண்டியின் வின் எண்ணிலிருந்து எடுத்த பகுதி, மேலே சொன்ன வண்டிக்கு '19என்612345' என்று, தனியாக அடிக்கப்பட்டிருக்கும். இதை அடித்தது இன்ஜின் ஆலை அல்ல, கார் பூட்டிய ஆலை. 1969 கமாரோக்களில் இது மேடையிலும் இருக்கலாம், ஆயில் ஃபில்டருக்கு மேலே சொரசொரப்பான வார்ப்பின்மீதும் இருக்கலாம். மேடையில் காணோம் என்பதற்காக உடனே பொய் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

வரிசை ஒன்றுதான்: முதலில் வார்ப்பு, பிறகு இன்ஜின் பூட்டுதல், பிறகு கார். பூட்டிய நாளுக்குப் பிந்தைய வார்ப்புத் தேதி இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். வார்ப்புக்கும் பூட்டுதலுக்கும் நடுவே சில நாளோ சில வாரமோ இருப்பது இயல்பு. பல மாத இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள்.

காரின் தேதி, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் அறைந்த தகட்டில் இருக்கும். '04பி' என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம். 1968 டிசம்பர் முதல் நார்வுட் தகடுகளில் 'எக்ஸ்' குறி ஒன்றும் வரும். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் ஸெட்/28-க்கு உரியவை. வான் நைஸ் வண்டிகளில் அந்தக் குறி இல்லை. இந்தத் தகட்டையே புதிதாகச் செய்து அறைகிறவர்களும் உண்டு, எனவே இது துணைச் சாட்சி மட்டும்.

1969 மாடல் 1968 இலையுதிர் காலத்தில் தொடங்கி 1969 நவம்பர்வரை ஓடியது. ஆகவே 'கே 20 8', அதாவது 1968 நவம்பர் 20 என்ற வார்ப்பு 1969 மாடலுக்குத் தாராளமாகப் பொருந்தும். "8 இருக்கிறது, 1969 இன்ஜின் இல்லை" என்று யாராவது அவசரப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

ரீ-பஞ்ச் செய்ததை (பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் அடித்ததை) படத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். அதற்கு அந்த மேடை எப்படி உருவானது என்று தெரிய வேண்டும். பிளாக்கின் மேல்முகத்தைத் தொழிற்சாலையில் பெரிய புரோச் இயந்திரம் ஒரே இழுப்பில் சீவும். அந்த இழுப்பு மெல்லிய, நேரான, இணையான கோடுகளை விட்டுச் செல்லும். கோடுகள் இன்ஜினின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக ஓடும். அரிசி மாவுக் கோலத்தில் விரல் ஓடிய தடம்போல் சீராக இருக்கும், ஆனால் மிக நுண்மையாக. அந்தக் கோடுகளின்மேல்தான் எண்ணை அடித்தார்கள்.

எண்ணை மாற்ற விரும்புகிறவர் பழைய எண்ணைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் கோடுகளும் போகும். பிறகு உப்புத்தாள் வைத்தோ கிரைண்டர் வைத்தோ கோடுகளைத் திரும்பக் கொண்டுவரப் பார்ப்பார். அங்கேதான் மாட்டிக்கொள்வார். கோடு குறுக்காகப் போகும், அல்லது லேசாக வளையும், அல்லது மேடையின் விளிம்பில் நின்றுவிடும். எண்ணின் குழிக்குள் கோடு இறங்கியிருந்தால் எண்ணுக்குப் பிறகு கோடு வந்தது என்று அர்த்தம், அதுவும் தவறு. மேடைக்கும் ஹெட் உட்காரும் முகத்துக்கும் நடுவே ஒரு சின்னப் படி தெரிந்தால் மேடையை மட்டும் தேய்த்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் இரண்டும் ஒரே மட்டம்.

அடுத்தது எழுத்து. இன்ஜின் ஆலையின் குறியும் கார் ஆலையின் வின் பகுதியும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கையால், வெவ்வேறு அச்சுப் பிடியால் அடிக்கப்பட்டவை. இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் அழகாக இருந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் அடித்தது என்றுதான் எனக்குத் தோன்றும். ஓர் எழுத்து மட்டும் சாய்ந்து, அடுத்தது ஆழமாக, அடுத்தது மங்கலாக இருந்தால் எழுத்தை ஒவ்வொன்றாகத் தனிப் பஞ்சில் அடித்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் மொத்த வரியையும் ஒரே பிடியில் வைத்து அடித்தார்கள். அதனால் ஒரு வரி முழுவதும் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருக்கலாம், அது இயல்பு. இரட்டையாக விழுந்த அடியும் இயல்பு. மங்கலான பொறிப்பைப் பார்த்து "போலி" என்று கருத்துப் பகுதியில் கத்துகிறவர்களால் நேர்மையான விற்பனையாளர்கள் பலர் நொந்துபோயிருக்கிறார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விற்பவரிடம் என்ன படம் கேட்பது?

ஃப்ளாஷ் இல்லாத படம். ஃப்ளாஷ் அடித்தால் கோடுகள் எல்லாம் வெள்ளையாகிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, ஒளி மேடையை உரசிக்கொண்டு போகும்படி எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மேடையை மண்ணெண்ணெயிலோ பிரேக் கிளீனரிலோ நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வயர் பிரஷ் கூடவே கூடாது. நல்லெண்ணத்தில் வயர் பிரஷ் போட்டு உண்மையான கோடுகளை அழித்தவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

"ஆல்டர்னேட்டர் மறைக்கிறது, எடுக்க முடியாது" என்பார்கள். 1969 கமாரோவில் அது பாதி உண்மை. அந்த ஆண்டு ஆல்டர்னேட்டர் வலது பக்கம் மாறியது, மேடைக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஆனால் பெல்ட்டைத் தளர்த்தி போல்ட்டுகளைக் கழற்றினால் அதை ஒதுக்கி வைக்கலாம். பெரும் பணம் கேட்கும் வண்டிக்கு அரை மணி நேர வேலை செய்ய மாட்டேன் என்றால் நான் ஏலம் கேட்க மாட்டேன்.

நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சில் தேய்த்துப் பிரின்ட் எடுப்போமே, அதையே இங்கேயும் கேட்கலாம். பெயின்ட் பூசிய மேடையில்கூட எண்ணின் வடிவம் தாளில் விழும். படத்தைக் கணினியில் திருத்தலாம். உங்களுக்குத் தபாலில் வந்த தாளைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.

கடைசியாக ஒரு வீடியோ: கண்ணாடி வழியே தெரியும் வின் தகட்டில் தொடங்கி, நிறுத்தாமல் நடந்து வந்து, இன்ஜின் மேடையில் முடிய வேண்டும். வேறொரு வண்டியின் மேடைப் படத்தை ஒட்டி வைக்கும் வேலை இதில் நடக்காது.

"010 பிளாக், நாலு போல்ட்" என்று எழுதியிருக்கிறார்களே?

3970010 என்ற வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஸ்மால் பிளாக்கில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வார்ப்பு அது. 1969 முதல் எழுபதுகளின் கடைசிவரை கார், பிக்கப், வேன் என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். கிராங்கை (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) தாங்கும் மெயின் கேப்புகள் இரண்டு போல்ட்டிலும் வந்தன, நான்கு போல்ட்டிலும் வந்தன. வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்லவே முடியாது. ஆயில் பேனைக் கழற்ற வேண்டும். ஆகவே ஆயில் பேன் கழற்றிய படம் இல்லாமல் "நாலு போல்ட்" என்றால் அது ஆசை, தகவல் இல்லை.

1969-இன் 302-இல் சிலவற்றுக்கும் இதே வார்ப்புதான். அதைச் சொல்லியே வேன் பிளாக்கை ஸெட்/28 பிளாக் ஆக்கிவிடுகிறார்கள்.

302, 327, 350 மூன்றையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாதா?

முடியாது. மூன்றுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) நான்கு அங்குலம். வேறுபடுவது ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்): 302-க்கு 3.00 அங்குலம், 327-க்கு 3.25, 350-க்கு 3.48. மில்லிமீட்டரில் சுமார் 76, 82.5, 88. எல்லா வித்தியாசமும் உள்ளே, கிராங்கில்.

என் கதையை இங்கே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய ஏலத்தில் தனி இன்ஜின் ஒன்று வந்தது. 'ஸெட்/28 302, டிஇசட், தொட்டதே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். வார்ப்பு 3970010. வார்ப்புத் தேதி 'சி 14 9'. மேடையில் 'வி0402டிஇசட்'. மார்ச் 14 வார்த்து ஏப்ரல் 2 பூட்டியது, கச்சிதம்! வின் பகுதி இல்லாததற்கு "ஆயில் ஃபில்டர் பக்கம் துருவில் மறைந்துவிட்டது" என்றார் விற்றவர். நானும் ஒரு நண்பரும் பிக்கப் எடுத்துக்கொண்டு போய்த் தூக்கி வந்தோம். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம் இடது ஹெட்டைக் கழற்றினேன். கிராங்கைக் கையால் சுற்றி முதல் பிஸ்டனை மேலே நிறுத்தி, ஆழமானியை வைத்துப் படித்தேன். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி மறுபடி படித்தேன். இரண்டுக்கும் நடுவே 76 வர வேண்டும். 88.4 வந்தது. கையில் எண்ணெய் வழுக்கியதால் தவறாகப் படித்தேன் என்று துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 88.4. அடுத்த பிஸ்டனிலும் அதுவே. ஆயில் பேனைக் கழற்றினால் இரண்டு போல்ட் கேப்புகள். 1969-இன் 302 எல்லாமே நான்கு போல்ட். அப்புறம்தான் டார்ச்சை எடுத்து மேடையைப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தேன். கோடுகள் குறுக்காக ஓடின. ஏலப் படத்திலும் அப்படித்தான் இருந்தன. நான்தான் எழுத்தைப் படித்தேனே தவிர அதன் அடியில் இருந்த இரும்பைப் பார்க்கவில்லை. வார்ப்புத் தேதியின் அந்த 9, 1979-க்கும் அப்படியே பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது. 010 வார்ப்பு அதுவரை வந்துகொண்டுதானே இருந்தது!

ஹெட்டைக் கழற்ற அனுமதி கிடைக்காத ஏலத்தில் நான் இப்போது 302-க்கான விலை கொடுப்பதில்லை. கேட்பது அதிகம் என்று சிலர் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

சந்தேகத்துக்கு இடமாகத் தெரிந்தும் உண்மையாக இருப்பவை உண்டா?

நிறைய. மேடையில் 'சிஇ' என்று தொடங்கும் பொறிப்பு இருந்தால் அது உத்தரவாதக் காலத்தில் டீலர் மாற்றிக்கொடுத்த செவர்லே பிளாக். முதல் இன்ஜின் அல்ல, ஆனால் நேர்மையான மாற்று. அதை மறைக்காமல் எழுதியவரிடம் தயங்காமல் வாங்கலாம், விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

1970-இன் '396' சின்னம் ஒட்டிய வண்டியில் இன்ஜினை அளந்தால் 402 கன அங்குலம் வரும். யாரும் ஏமாற்றவில்லை, அந்த ஆண்டு போரைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டு பழைய பெயரிலேயே விற்றது செவர்லே.

ஃபோர்டு பக்கம் போனால், எஃப்இ வகை பிளாக்கின் முன்னால் '352' என்று புடைத்து நிற்கும். 390-இலும் 360-இலும்கூட அந்த 352 இருக்கும். அது கொள்ளளவைச் சொல்வதில்லை.

"427 பிளாக்" என்று தனியாக விற்கிறார்களே, வாங்கலாமா?

முதல் கேள்வி: காருடையதா, லாரியுடையதா? செவர்லே கனரக லாரிகளுக்கும் 427 செய்தது. அதன் பிளாக் 0.4 அங்குலம், அதாவது சுமார் பத்து மில்லிமீட்டர், உயரம் கூடியது. கார் பிளாக்கின் உயரம் 9.8 அங்குலம், லாரியுடையது 10.2. வி வடிவில் உயரம் கூடினால் இரு ஹெட்டுகளும் விலகிப் போகும், நடுவே உட்காரும் கார் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றையும் எரிபொருளையும் உள்ளே அனுப்பும் பாகம்) நேராகப் பொருந்தாது. கிராங்க் மையத்திலிருந்து மேல்முகம்வரை அளவுகோல் வைத்த படம் ஒன்று போதும். வேலைக்கு நல்ல, உறுதியான பிளாக் அது. ஆனால் கார்வெட்டில் இருந்து எடுத்தது என்று விற்றால் பொய்.

காகிதங்கள் இருந்தால் போதுமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃபோர்டில் 1967 முதலான தயாரிப்புப் பதிவுகள் மார்ட்டி அறிக்கையாகக் கிடைக்கும். வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 'கே' என்றால் உயர்திறன் 289. கிரைஸ்லரிலும் அப்படித்தான், 1970-71 வண்டிகளில் 'ஆர்' என்றால் 426 ஹெமி. பான்டியாக் வண்டிகளுக்கு பிஎச்எஸ் என்ற சேவையிடம் பழைய பில் நகல் வாங்கலாம். கமாரோ கனடாவில் முதலில் விற்றதாக இருந்தால் கனடா ஜெனரல் மோட்டார்ஸின் பதிவில் விவரம் இருக்கும்.

அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்குத்தான் கஷ்டம், அப்படி ஒரு தொழிற்சாலைப் பதிவு கிடையாது. உத்தரவாதப் புத்தகத்தில் வைத்த 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சிறு உலோகத் தகட்டில் இன்ஜின் குறி இருக்கும். அது நல்ல சாட்சி, ஆனால் அதையும் போலியாகச் செய்கிறார்கள். எந்தக் காகிதம் வந்தாலும் இன்ஜின் இன்று வண்டியில் இருப்பதை அது நிரூபிக்காது. இந்த வண்டிக்கு 1969-இல் என்ன இன்ஜின் போட்டார்கள் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

நான் காகிதத்தைவிட கியர்பாக்ஸை அதிகம் நம்புகிறேன். நான்கு கியர் மன்சி பெட்டியிலும் வின் பகுதி அடித்திருப்பார்கள். இன்ஜினை ரீ-பஞ்ச் செய்கிறவர் அடியில் படுத்து அதையும் மாற்ற மறந்துவிடுவது உண்டு. இரண்டிலும் வெவ்வேறு எண் இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

"ஃபேஸ் அடித்தபோது எண் போய்விட்டது, திரும்ப அதே எண்ணை அடித்தேன்" என்கிறார் விற்பவர். தவறா?

ரீபோர் செய்யும்போது (தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடையும்போது) பிளாக்கின் மேல்முகத்தை ஃபேஸ் அடிப்பது, அதாவது சீவி மட்டமாக்குவது, பட்டறையில் சாதாரண வேலை. அதில் பொறிப்பு போவதும் உண்மையாக நடப்பது. அப்படிப் போனால் வெற்று மேடையாக விட்டுவைத்து, ஃபேஸ் அடிக்கும் முன் எடுத்த படத்தைக் காட்டுவதே முறை. திரும்ப அடிப்பதை மறுசீரமைப்பின் ஒரு பகுதி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்று இவர் சொல்லி விற்பார். இவருக்கு அடுத்து வாங்கியவர் சொல்ல மாட்டார். மூன்றாவது ஆள் முழு விலை கொடுப்பார். எண் இரும்பில் இருக்கும், விளக்கம் கூட வராது.

கார்வெட் போட்டிகளில் கிடைத்த விருதைக் காட்டினாலும் இதை நினைவில் வையுங்கள். அங்கே பார்ப்பது தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் தோற்றம் இருக்கிறதா என்பதைத்தான். தோற்றம் சரி என்பது பிறப்புச் சான்றிதழ் ஆகாது.

"உள்ளது உள்ளபடி" என்று விற்றால் பிறகு கேட்கவே முடியாதா?

முழுக்க அப்படியில்லை. லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் ஏற்ற வணிகச் சட்டத் தொகுப்பின் 2-313 பிரிவுப்படி, பொருளைப் பற்றி விற்பவர் உறுதியாகத் தந்த விவரணை ஓர் உத்தரவாதம் ஆகிறது. "வண்டியோடு பிறந்த 302 இன்ஜின்" என்பது விவரணை. "அருமையான இன்ஜின்" என்பது வெறும் புகழ்ச்சி. "எனக்குத் தெரிந்தவரை" என்று சேர்த்துவிட்டால் வாதாடுவது கடினமாகும். அதனால்தான் அந்த ஆம்-இல்லைக் கேள்வியை ஏலப் பக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பக்கம் முழுவதையும் படமாக எடுத்து வையுங்கள். ஏலம் முடிந்ததும் வாசகங்கள் மாறலாம். வழக்கு என்று போனால் வழக்கறிஞரைப் பாருங்கள், நான் மெக்கானிக் வேலை தெரிந்தவன் மட்டும்.

செலவு பார்க்காமல், ஏலம் முடியும் முன்பே அந்த ஊரில் ஒரு பரிசோதகரை அனுப்புங்கள். "வண்டி எப்படி இருக்கிறது பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். எந்த எண், எந்த இடம், எந்தக் கோணத்தில் விளக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

ஏமாந்து வாங்கிவிட்டேன். நான் விற்கும்போது என்ன எழுதுவது?

என் இன்ஜினை நான் விற்கவில்லை. அது ஓர் எளிய 1971 பிக்கப்பில் இப்போது ஓடுகிறது. ஆனால் என்றாவது விற்றால் இருக்கட்டும் என்று வால்வு கவரின் உட்புறத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கிறேன். அதில் எழுதியதை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள்:

"செவர்லே 350. வார்ப்பு எண் 3970010. வார்ப்புத் தேதி சி 14 9, 1969 அல்லது 1979. இரண்டு போல்ட் மெயின். ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், ஹெட்டைக் கழற்றி அளந்தது. மேடையில் உள்ள வி0402டிஇசட் பொறிப்பு பொய், தொழிற்சாலையில் அடித்தது அல்ல. இது 302 இன்ஜின் இல்லை."